கப்பலேறும் சித்தூர்ச் சரக்கு



சித்தூரிலும் திருப்பதியிலும், புத்தூர், நகரி முதலிய ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்து வருகிறது. பையன் படிப்பை முடித்துவிட்டான். சென்னையிலோ காட்டுப்பள்ளியிலோ துறைமுகத்தில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றுவதையும் இறக்குவதையும் மேற்பார்வை செய்யும் உத்தியோகம் என்கிறார்கள். அது எத்தகைய உத்தியோகம்? அனுப்பலாமா, கூடாதா? இப்பணியிலேயே பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையை இன்று கூற முற்படுகிறேன்.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாக அமைந்தபோது கூடூர், சூளூர்ப்பேட்டைப் பகுதிகள் அதனுடன் சேர்ந்தன. ஆகவே திருப்பதி மாவட்டத்திற்கு இன்று கடற்கரையும் உண்டு. அக்கரையில் உள்ள துகராஜபட்டணத்தைத்தான் ஆங்கிலேயர் 'ஆர்மகாம்' என்று அழைத்தனர். 1620-களில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். அவ்விடம் வாணிகத்திற்கு ஏற்றதாக இல்லை. எனவே வேறிடம் தேடிய பிரான்சிஸ் டே, 1639-இல் சந்திரகிரி அரசருக்கு உட்பட்ட நாயக்கரிடமிருந்து சென்னையில் இடம் பெற்றார். சென்னைப் பட்டினத்தின் பிறப்பில் ஆர்மகாமுக்கும் பங்குண்டு, சந்திரகிரிக்கும் பங்குண்டு என்று சித்தூர்க்காரர் பெருமை பேசுவது வெறும் ஊர்ப்பற்று அன்று.

அப்பட்டினத்திற்கு அன்று துறைமுகமே இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகள் அலையைப் பிளந்துகொண்டு சென்று, மூட்டை மூட்டையாகச் சரக்கைக் கரை சேர்க்கும். பிறகு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அவை முற்றுப்பெறும் தறுவாயில் 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் அமைந்த பின்னரும் ஒரு கப்பலை நிரப்புவதற்கு நாட்கணக்கில் ஆயிற்று. மூட்டையை முதுகில் சுமப்போர், வலையில் கட்டுவோர், கப்பலின் வயிற்றுக்குள் நின்று அடுக்குவோர், எண்ணிக் குறிப்போர் எனக் கூட்டம் கூட்டமாக மக்கள் உழைத்தனர். பாரத்தைத் தூக்க 'ஹபேஸ்' என்றும் இறக்க 'ஆரியா' என்றும் கூவும் குரல் இந்தியத் துறைமுகங்களில் ஓயாது ஒலித்தது. 'ஆரியா' என்பது போர்த்துகீசிய மாலுமிகள் விட்டுச் சென்ற சொல்.

இந்த உலகத்தை மாற்றியது ஓர் இரும்புப் பெட்டி. அமெரிக்காவில் லாரி வண்டிகள் நடத்தி வந்த மால்கம் மக்லீன் என்பவர், லாரியின் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றினால் என்ன என்று எண்ணினார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. நம் நாட்டில் 1973-இல் கொச்சிக்கு இத்தகைய கப்பல் வந்தது. சென்னையில் 1983-இல் சரக்குப் பெட்டகங்களுக்கென்றே தனி முனையம் திறக்கப்பெற்றது. 2001-இல் அதனை நடத்தும் பொறுப்பு தனியார் கைக்குச் சென்றது. அதன்பின் சென்னையிலேயே இன்னொரு முனையமும், வடக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வேறு முனையங்களும் தோன்றின. பெட்டகம் என்று நான் சொல்வதைத்தான் நீங்கள் எல்லோரும் 'கன்டெய்னர்' என்கிறீர்கள். எட்டடி அகலம், எட்டரை அடி உயரம், இருபதடி அல்லது நாற்பதடி நீளம். உலகம் முழுவதும் இதே அளவு. எந்த நாட்டுக் கிரேனும் எந்த நாட்டுப் பெட்டகத்தையும் தூக்கக்கூடியதாயிருப்பதற்கு இந்த ஒழுங்கே காரணம்.

சித்தூரின் தோத்தாபுரி மாம்பழம் இப்பெட்டகத்தில்தான் கடல் கடக்கிறது. பழத்தைக் கூழாக்கிச் சூடேற்றிக் கிருமி நீக்கிக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து, அப்பைகளை இரும்புப் பீப்பாய்களில் இடுகிறார்கள். ஒரு பீப்பாயில் 200 கிலோவுக்கு மேல் கூழ் இருக்கும். இருபதடிப் பெட்டகம் ஒன்றில் இரண்டு அடுக்காக ஏறக்குறைய 80 பீப்பாய்கள் நிற்கும். இவ்வாறு அடைத்த கூழுக்குக் குளிர்ப் பெட்டகம் வேண்டுவதில்லை என்பது ஒரு வசதி. இவ்வாணிகம் தடுமாறினால் விவசாயியின் தோட்டம் வரை அதிர்ச்சி எட்டுகிறது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் கூழ் விற்பனை மந்தமாகிப் பழத்தின் விலை சரிந்தபோது, கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆந்திர அரசு வகுத்தது. அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

மாங்கூழ் தவிரக் கருங்கல் பாளங்களும் போகின்றன. சத்தியவேட்டுப் பக்கம் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையின் பொருள்களும் போகின்றன. 1960-இல் சென்னை, ஆந்திர மாநிலங்களின் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி இப்பக்கம் வந்தது, சத்தியவேடு அப்பக்கம் சென்றது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிரச் சரக்கு செல்லும் வழி மாறவில்லை. அது சென்னைக் கடலை நோக்கியே ஓடுகிறது.

இனி மேற்பார்வையாளரின் வேலைக்கு வருவோம். கப்பல் கரை சேர்ந்த பின்னரே அவருக்கு வேலை என்று நினைக்கவேண்டாம். அதற்கு முன்னரே, எந்தப் பெட்டகம் எங்கே இருக்கிறது, எது இறங்கவேண்டும், எது ஏறவேண்டும் என்னும் வரைபடம் கணிப்பொறி வழியே வந்துவிடுகிறது. கப்பலில் ஒவ்வொரு பெட்டகத்திற்கும் ஆறு இலக்கங்களில் ஒரு விலாசம் உண்டு. எடுத்துக்காட்டாக 050384 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கங்கள் கப்பலின் முன்பக்கத்திலிருந்து எத்தனையாவது பகுதி என்பதைக் குறிக்கும். ஒற்றைப்படை எண்ணாயின் இருபதடிப் பெட்டகம், இரட்டைப்படையாயின் நாற்பதடிப் பெட்டகம். நடு இரண்டு இலக்கங்கள் குறுக்கு வரிசையைக் காட்டும். கப்பலின் முகம் நோக்கி நின்றால் ஒற்றைப்படை வலப்புறம், இரட்டைப்படை இடப்புறம். இறுதி இரண்டும் உயரத்தைக் காட்டும். கப்பலின் வயிற்றுக்குள் 02, 04 என்று எண் ஏறும், தளத்தின்மேல் 82, 84 என்று ஏறும். ஆகவே நாம் சொன்ன பெட்டகம் முன்னிருந்து மூன்றாம் இருபதடிப் பகுதியில், வலப்புறம் இரண்டாம் வரிசையில், தளத்தின்மேல் இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. நம் ஊர்த் தெருவில் வீடு கண்டுபிடிப்பதைவிட இது எளிது.

எளிதல்லாதது அடுக்கும் முறை. கொழும்பில் இறங்கவேண்டிய பெட்டகத்தின்மேல் சிங்கப்பூருக்குரியதை வைத்துவிட்டால், கொழும்பில் மேலதை எடுத்து வைத்துவிட்டுக் கீழதை எடுக்கவேண்டும். வீண் செலவு. அதைவிடப் பெரிது எடை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எல்லோரும் அறிவீர்கள். அடியில் பாரம் இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்கிறது. பாரத்தைத் தலையில் வைத்தால் விழுந்துவிடும். கப்பலும் அவ்வாறே. எனவே கனமானது கீழே, இலேசானது மேலே. ஆனால் பாரம் முழுவதையும் அடியில் கொண்டுபோய்த் திணித்துவிட்டாலும் ஆபத்து உண்டு. அலையில் சாய்ந்த கப்பல் வெடுக்கென்று நிமிரும். அந்த வேகத்தில் தளத்தின்மேல் கட்டிய பிணைப்புகள் அறுந்துபோகும். பொம்மை நிமிரவேண்டும், துள்ளக்கூடாது. இக்கணக்கைப் போடுவோர் முனையத்தின் திட்ட அலுவலரும் கப்பலின் முதன்மை அதிகாரியும். அக்கணக்கின்படியே வேலை நடக்கிறதா என்று கப்பலடியில் நின்று காப்பவர் மேற்பார்வையாளர்.

கப்பல் கட்டப்பட்டதும் அவர் ஏணி வழியே ஏறி முதன்மை அதிகாரியைக் காண்கிறார். இருவரும் வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை கிரேன்கள், எந்தக் கிரேன் எந்தப் பகுதியில், எந்த மூடி முதலில் திறப்பது என்று முடிவாகிறது. சரக்கறையின் மூடி ஒவ்வொன்றும் பல டன் எடை உடையது. அதையும் கிரேன்தான் தூக்கிக் கரையில் வைக்கிறது. பிறகு வேலை தொடங்குகிறது. ஒரு கிரேன் மணிக்கு 25 முதல் 30 பெட்டகம் வரை நகர்த்தும். ஆயிரம் பெட்டகங்களை ஏற்றி இறக்கவேண்டிய கப்பலில், மணிக்கு 25 வீதம் மூன்று கிரேன்கள் ஓயாது உழைத்தால் பதின்மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். அன்று நாட்கணக்கில் செய்த வேலை இன்று ஓர் இரவில் முடிகிறது. அடுத்த கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கிறது. ஒவ்வொரு நிமிடத்திற்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த அவசரத்தில்தான் மனித உயிர் தொங்குகிறது. தளத்தின்மேல் அடுக்கும் பெட்டகங்களின் மூலைகளில் திருகுபூட்டுகள் இடுவோரும், இரும்புக் கழிகளால் குறுக்கே இழுத்துக் கட்டுவோரும் மனிதர்களே. இவர்களை 'லேஷிங்' ஆட்கள் என்பார்கள். தலைக்குமேல் முப்பது டன் பாரம் பறந்துகொண்டிருக்கும். கீழே லாரிகள் வரிசையாக வந்துபோய்க்கொண்டிருக்கும். தொங்கும் பாரத்தின் அடியில் எவரும் நிற்கலாகாது, கட்டுவோர் ஒரு பகுதியில் இருக்கையில் அங்கே கிரேன் இயங்கலாகாது என்பவை இத்தொழிலின் முதல் விதிகள். துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்பிற்கென்றே 1986-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. எனினும் இரவு மூன்று மணிக்கு, மழைத் தூறலில், 'இன்னும் பத்துப் பெட்டகம்தான், முடித்துவிடலாம்' என்று எல்லோரும் சொல்லும்போது, 'நிறுத்து' என்று சொல்லவேண்டியவர் மேற்பார்வையாளர் ஒருவரே. இவ்வுத்தியோகத்தின் சாரம் அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிவில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

என் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கருங்கல் பாளங்கள் ஏற்றிய இருபதடிப் பெட்டகம் ஒன்று வந்தது. தாளில் எழுதியிருந்த எடை 19 டன். தளத்தின்மேல் நான்காம் அடுக்கு அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கிரேன் ஓட்டுநர் அதைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தியதுமே பேசுகருவியில் என்னை அழைத்தார். 'சார், மானி இருபத்தேழு காட்டுகிறது. வைக்கவா, இறக்கவா?' என்றார். இறக்கச் சொன்னேன். மேலதிகாரி ஒருவர் ஓடி வந்து, ஒரு பெட்டகத்திற்காகக் கப்பலை நிறுத்துவதா என்று கேட்டார். அனுப்பியவரின் ஆள் தொலைபேசியில் சினந்தார். எடைமேடையில் வைத்துப் பார்த்தபோது மானி சொன்னதே மெய்யாயிற்று. அதனுடன் வந்த மற்ற நான்கையும் நிறுத்தி எடை போட்டோம். எல்லாவற்றிலும் அதே பொய். வாடகையிலும் சாலைக் கட்டணத்திலும் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க எழுதிய எண் அது. அன்று நாற்பது நிமிடம் தாமதமாயிற்று.

இந்த நாற்பது நிமிடத்தின் மதிப்பை உலகம் பிற்பாடு உணர்ந்தது. 2007 ஜனவரியில் 'எம்.எஸ்.சி. நாபோலி' என்னும் கப்பல் புயலில் உடற்பகுதி பிளந்து, இங்கிலாந்தின் டெவன் கரையில் தரை தட்ட வைக்கப்பட்டது. அதன் தளத்தின்மேலிருந்த 660 பெட்டகங்களை எடை போட்டுப் பார்த்தார்கள். 137 பெட்டகங்களில் சொன்ன எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்குமேல் வேறுபாடு இருந்தது. ஒன்றில் வேறுபாடு 20 டன். இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னரே, 2016 ஜூலை 1 முதல் உலக நாடுகள் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நிரப்பிய பெட்டகத்தை அப்படியே எடை போடவேண்டும், அல்லது உள்ளே இட்ட ஒவ்வொரு பொருளின் எடையையும் பெட்டகத்தின் வெற்றெடையையும் முறைப்படி கூட்டவேண்டும். சான்று பெற்ற எடை இல்லாத பெட்டகம் கப்பலேறலாகாது. சித்தூரில் பெட்டகம் நிரப்பும் நம்மவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

எடை ஒருபுறமிருக்க, உள்ளே என்ன இருக்கிறது என்பது மற்றொரு கவலை. அபாயப் பொருள்களை ஒன்பது வகையாகப் பிரித்து, எதன் அருகே எது இருக்கலாகாது என்று விதித்திருக்கிறார்கள். 2021 மே மாதம் கொழும்பு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பல் தீப்பற்றியதை மறந்திருக்க மாட்டீர்கள். நைட்ரிக் அமிலம் கசிந்த பெட்டகம் ஒன்று அதில் இருந்தது. கப்பல் வழியில் கண்ட குஜராத்தின் ஹசீரா முதலிய துறைமுகங்கள் அதை இறக்கிக்கொள்ள முன்வரவில்லை. விளைவாக இலங்கையின் மேற்குக் கரை முழுவதும் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கி மீனவர் வாழ்வு பாழாயிற்று. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் கப்பல் 640 பெட்டகங்களுடன் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். அதில் 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் எரிவாயு கிளம்பும் பொருள் அது. கசியும் பெட்டகத்தைக் கண்டுவிட்டுக் கண்மூடும் மேற்பார்வையாளர், அடுத்த துறைமுகத்தில் நிற்கும் தம் தொழில் சகோதரனிடம் தீயைத் தள்ளிவிடுகிறார்.

முத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏறும் பண்டத்திற்கும் இறங்கும் பண்டத்திற்கும் சோழரின் அலுவலர் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்று பெட்டகத்தின் கதவில் எண்ணிட்ட உலோக முத்திரை இருக்கிறது. அது உடையாமல் இருக்கிறதா, தாளிலுள்ள எண்ணுடன் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும் பணியின் பகுதி. நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். சேஷாசல மலைகளில் விளையும் செம்மரம் வேறெங்கும் இயற்கையாக இவ்வளவு விளைவதில்லை. அதை வெட்டிக் கடத்துவோர் வேறு சரக்கின் பெயரால் பெட்டகத்தில் மறைத்துச் சென்னை முதலிய துறைமுகங்கள் வழியே அனுப்ப முயன்று, சுங்க அதிகாரிகளிடம் பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். இக்கடத்தலில் கூலிக்கு மரம் வெட்டப் போய்ச் சிறைப்பட்டவரும் உயிரிழந்தவரும் பெரும்பாலும் வடாற்காட்டுப் பக்கத்து ஏழைத் தமிழர் என்பதை நினைக்கையில் மனம் கசக்கிறது. துறைமுகத்தில் ஒரு முத்திரை எண்ணைக் கவனமாகப் படிப்பவர், அம்மலையில் கோடரி விழுவதைத் தம்மாலியன்ற அளவு தடுக்கிறார்.

இத்தொழிலுக்கு யார் ஏற்றவர்? பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் முதலில் பெட்டக எண்ணைச் சரிபார்க்கும் எழுத்தராகச் சேர்ந்து, படிப்படியாக மேற்பார்வைக்கு உயர்கிறார்கள். கப்பலில் அதிகாரியாயிருந்து கரைக்கு வந்தவர்களும் உண்டு. பெண்களுக்கும் இத்துறையில் வழி திறந்திருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகத்தில் அவ்வூர்ப் பெண்கள் அறையில் அமர்ந்தபடியே கிரேனை இயக்குகிறார்கள். சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தமிழும் தெலுங்கும் இயல்பாக வரும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளரும் இப்போது நிரம்ப இருப்பதால் கொஞ்சம் இந்தியும், கப்பல் அதிகாரிகளுடன் பேச ஆங்கிலமும் கற்றுக்கொண்டால் போதும். ஆளுக்கு ஆள் மொழி மாறும் இடத்தில், 'விலகு' என்ற சொல் உரிய நொடியில் புரிவது உயிர் காக்கும் விஷயம்.

சிரமங்களையும் மறைக்க வேண்டியதில்லை. முறை வேலை. தீபாவளியன்றும் கப்பல் வரும், பொங்கலன்றும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளத்தில் நிற்கவேண்டும். சித்திரை வெயிலில் இரும்புத் தட்டு காலணியையும் மீறிச் சுடும். சேர்வதற்குமுன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிவது தகும். வேலை முனையத்தாரின் நேரடிப் பட்டியலிலா, ஒப்பந்தக்காரரின் கீழா? சேமநிதி பிடிக்கிறார்களா? விபத்துக் காப்பீடு உண்டா? கப்பலில் ஏற்றுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி எத்தனை நாள்? தலைக்கவசமும் ஒளிர்சட்டையும் உறுதியான காலணியும் அவர்கள் தருகிறார்களா, நாம் வாங்கவேண்டுமா? பயிற்சியே இன்றி முதல் நாளே ஏணியில் ஏறச் சொல்லும் இடமாயின், சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி, பையனுக்கு உயரத்தில் தலை சுற்றாது, கணக்கு வரும், இரவில் விழித்திருக்க முடியும் என்றால் தாராளமாக அனுப்பலாம். திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரயிலில் சில மணி நேரப் பயணந்தான். முறை மாறும் நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.